மியூசியம் பேர்ல வர்ற சம்மர் கேம்ப்புக்குப் பணம் கட்டப் போறவங்க ஒரு நிமிஷம்

ஏப்ரல் பாதி தாண்டிட்டாலே அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் குரூப், சொந்தக்காரங்க குரூப்னு எதைத் திறந்தாலும் சம்மர் கேம்ப் போஸ்டர் தான். கராத்தே, அபாகஸ், நீச்சல் எல்லாம் பழசு, இப்போ தொல்லியல் கேம்ப்னு ஒண்ணு கிளம்பியிருக்கு. கீழடி பேர் பெருசானதுல இருந்து எங்க மதுரைப் பக்கம் இது ரொம்பவே அதிகம். போன வருஷம் அப்படி ஒண்ணுல ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 9,000 ரூபா கட்டுனேன், திரும்ப வந்தது ஆயிரம். பணம் போனது ஒரு பக்கம், அண்ணன் மக வெயில்ல சுருண்டு விழுந்து பெங்களூர்ல இருக்க அண்ணனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. யாராவது முன்னாடியே நாலு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது, அதான் விலாவாரியா எழுதுறேன். கேம்ப் நடத்துனவங்க பேரைக் கேக்காதீங்க, போட மாட்டேன். அவங்க ஒருத்தங்க மட்டும் இல்ல, வருஷா வருஷம் பேர் மாறும், போஸ்டர் மாறாது.

நான் வீட்டுலயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவ. வீட்டுக்காரருக்கு திருப்பூர்ல வேலை, வாரக் கடைசில தான் வருவாரு. மே மாசம்னா வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவியுற நேரம், அதே நேரத்துல தான் பையனுக்கும் லீவு. ஆறாவது முடிச்சிருந்தான். கூடவே பெங்களூர்ல இருந்து அண்ணன் மகளும் வந்திருந்தா, பத்து வயசு, தமிழ் நல்லா பேசுவா, ஆனா எழுதப் படிக்க வராது, அதுக்காக இவன் அவளைக் கிண்டல் பண்ண, அவ இவன் இங்கிலீஷைக் கிண்டல் பண்ண, மத்தியானம் ஆனா வீடு ரெண்டாகும். கைல ஊசியை வச்சுக்கிட்டு எத்தனை தடவை பஞ்சாயத்து பண்றது. அந்த நேரத்துல தான் குரூப்ல அந்தப் போஸ்டர் வந்துச்சு.

போஸ்டரைப் பாத்தா யாரா இருந்தாலும் நம்புவாங்க. கீழடி மியூசியத்தோட போட்டோ, கறுப்பு சிவப்புப் பானை, தொப்பி போட்டுக்கிட்டு பிரஷ்ஷால மண்ணைத் தட்டுற ஒரு பிள்ளை. அஞ்சு நாள், ஒரு பிள்ளைக்கு 4,500. "நேரடி அகழாய்வு அனுபவம்", "வல்லுநர்களுடன் களப்பயணம்", "அருங்காட்சியகச் சான்றிதழ்" அப்படின்னு மூணு வரி பெருசா. நான் சும்மா கட்டல, போன் போட்டுக் கேட்டேன், மியூசியமே நடத்துறதா தம்பின்னு. "மியூசியத்தோட சேர்ந்துதான் பண்றோம்கா"ன்னான். கடைசில பாத்தா அவங்க மியூசியத்தோட சேர்ந்து பண்ணுன ஒரே காரியம் கவுண்டர்ல நின்னு டிக்கெட் வாங்குனது தான். ஜிபே பண்ணச் சொன்ன நம்பர் ஒரு ஆளோட சொந்தப் பேர்ல வந்துச்சு, கம்பெனி பேர்ல இல்ல. ரசீது கேட்டதுக்கு கேம்ப் அன்னைக்குத் தர்றோம்னாங்க.

இங்கயே ஒரு விஷயம் சொல்லிடுறேன், இது எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுச்சு, பல பேருக்கும் தெரியாது. மியூசியம்னு நாம பொதுவா சொல்றோமே ஒழிய எல்லாம் ஒரே ஆபீஸ் கிடையாது. சென்னை எழும்பூர் மியூசியம், மாவட்டங்கள்ல இருக்க அரசு அருங்காட்சியகம் எல்லாம் தமிழ்நாடு அரசோட அருங்காட்சியகங்கள் துறை. கீழடி மியூசியம், எங்க ஊர் திருமலை நாயக்கர் மகால் இதெல்லாம் மாநிலத் தொல்லியல் துறை. சென்னைல கோட்டைக்குள்ள இருக்க மியூசியம், தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர் இதெல்லாம் மத்திய தொல்லியல் துறை. அதனால யாராவது மியூசியத்தோட சேர்ந்து நடத்துறோம்னு சொன்னா எந்தத் துறை, எந்த ஆபீஸ், லெட்டர் இருக்கான்னு கேளுங்க. நிஜமா நடத்துறவங்க அந்த லெட்டரை டக்குனு அனுப்பிடுவாங்க. மத்தவங்க "அதெல்லாம் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க"ன்னு இழுப்பாங்க. சான்றிதழ்ல யார் கையெழுத்து வரும்னும் கேளுங்க. எங்களுக்கு வந்த சான்றிதழ்ல கேம்ப் நடத்துனவரே கையெழுத்துப் போட்டு, ஓரத்துல ஒரு பானை படம் போட்டிருந்தாங்க.

கேம்ப் நடந்தது மியூசியத்துல இல்ல, சிட்டிக்குள்ள ஒரு ஸ்கூல் ஹால்ல. முத நாள் முழுக்க புரொஜெக்டர்ல படம். மத்தியானம் கலர் அடிக்க ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க, பிள்ளைங்க வீட்டுக்குக் கொண்டு வந்ததைப் பாத்தா டைனோசர். தொல்லியலுக்கும் டைனோசருக்கும் என்னய்யா சம்பந்தம்? டைனோசர் அழிஞ்சு 6 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம தமிழ்நாட்டுல கிடைச்சதுலயே ரொம்பப் பழைய மனுஷக் கருவி அத்திரம்பாக்கத்துக் கல்லாயுதம், அதுவே 15 லட்சம் வருஷம் தான். நடுவுல கோடிக்கணக்குல வருஷம் கிடக்கு. இந்த வித்தியாசம் தெரியாதவங்க தான் அந்த வல்லுநருங்க.

அடுத்த நாள் அந்த நேரடி அகழாய்வு. ஹாலுக்குப் பின்னாடி மணலைக் கொட்டி, பூந்தொட்டியை உடைச்ச ஓடு, பாசிமணி, பிளாஸ்டிக் காசு எல்லாம் புதைச்சு வச்சு, விசில் அடிச்சதும் பிள்ளைங்க ஓடிப் போய்த் தோண்டணும். யார் அதிகமா எடுத்தாங்களோ அவங்களுக்குப் பிரைஸ். என் பையனுக்கு செகண்ட் பிரைஸ், சாக்லேட்டோட வந்தான். அன்னைக்கு எனக்கு இது தப்பாவே படல, பிள்ளை சந்தோஷமா வந்திருக்கானேன்னு இருந்துட்டேன். நிஜ அகழாய்வு எப்படி நடக்கும்னு பின்னால ஒரு மியூசியம்காரர் வாயால கேட்டப்போ தான், இது அப்படியே தலைகீழ்னு புரிஞ்சுச்சு. பத்துக்குப் பத்து மீட்டர் அளந்து நூல் கட்டி, அதை நாலா பிரிச்சு, நடுவுல தோண்டாம ஒரு மண் வரப்பு விட்டு, கொஞ்சம் கொஞ்சமா மண்ணை எடுப்பாங்களாம். ஒரு ஓடு கிடைச்சா உடனே தூக்க மாட்டாங்க. எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எந்த மண்ணடுக்கு, பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு எழுதி, போட்டோ எடுத்து, அப்புறம் தான் வெளிய. கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டுன்னு 2019-ல அறிக்கை வந்துச்சே, அது 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரித்துண்டை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பி கி.மு. 580-னு வந்ததை வச்சு. அந்த 353-ங்கிற நம்பரை அன்னைக்கு யாரும் எழுதி வைக்கலைன்னா அது வெறும் கரி.

செயற்கைக் குழி தோண்ட வைக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. நல்ல மியூசியங்கள்லயும் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்ய முடியும். நிஜமான இடத்துல தோண்டணும்னா 1958-ம் வருஷச் சட்டப்படி மத்திய தொல்லியல் துறையோட அனுமதி வேணும், மாநிலத் தொல்லியல் துறையே அந்த அனுமதி வாங்கித்தான் தோண்டுது. அதனால உங்க பிள்ளையைக் கீழடிக் குழிக்குள்ள இறக்கித் தோண்ட விடுறோம்னு எவனாவது சொன்னா அந்த இடத்துலயே போனை வச்சிடுங்க. தோண்டுறதை மேல நின்னு பாக்கலாம், அதுவும் அந்த நேரத்துல வேலை நடந்தா. செயற்கைக் குழின்னா, நூல் கட்டுவீங்களா, பிள்ளைங்க நோட்டுல எழுதுவாங்களா, வரைவாங்களான்னு கேளுங்க. பிரைஸ் எதுக்குக் குடுப்பீங்கன்னும் கேளுங்க, அதுலயே எல்லாம் தெரிஞ்சிடும்.

மூணாவது நாள் கூத்தை எப்படிச் சொல்றது. அரசு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்னு வேன் கிளம்பிப் போயிருக்கு, போனா கேட் பூட்டியிருக்கு. வெள்ளிக்கிழமை! அரசு மியூசியம் வெள்ளிக்கிழமை லீவுங்கிறது சென்னைல இருந்து மாவட்டம் வரைக்கும் தெரிஞ்ச சமாச்சாரம், ஒரு போன் போட்டிருந்தா போதும். பிள்ளைங்களை அப்படியே ஒரு பார்க்ல இறக்கி விட்டு ஐஸ் வாங்கிக் குடுத்துட்டு திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. சாயங்காலம் குரூப்ல "இயற்கையோடு ஒரு நாள்"னு போட்டோ வேற. நான் போன் அடிச்சேன், எடுக்கல.

கீழடிப் பயணம் நாலாவது நாள். மதுரையில இருந்து 12 கிலோமீட்டர் தான் கீழடி, சிலைமான் தாண்டிக் கொஞ்ச தூரம், காலைல எட்டு மணிக்குக் கிளம்புனா எட்டே முக்காலுக்குப் போயிடலாம். வேன் வந்ததே பத்தரைக்கு. அக்னி நட்சத்திரம், வேன்ல ஏசி கிடையாது, போஸ்டர்ல ஏசி வாகனம்னு இருந்துச்சு. அன்னைக்கு நானும் கூடப் போனேன், பிள்ளையை அனுப்பிட்டு மிஷின்ல உக்கார மனசு வரல. போனது நல்லதாப் போச்சு. அறுபது பிள்ளைங்க, கூட மூணே மூணு பேர். குடிக்கிற தண்ணி கேன் ஒண்ணு, மத்தியானத்துக்குள்ள காலி.

கீழடி மியூசியத்தைப் பத்தி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 2023 மார்ச்ல திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் வச்சுக் கட்டியிருக்காங்க, பானைக்குத் தனி, விவசாயத்துக்குத் தனி, நெசவுக்குத் தனின்னு தலைப்பு தலைப்பா பிரிச்சு வச்சிருக்காங்க, நிதானமாப் பாத்தா அரை நாள் வேணும். எங்களுக்குக் குடுத்தது நாப்பது நிமிஷம். ஒருத்தர் முன்னாடி கத்திக்கிட்டே போறாரு, பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கேக்கல. நான் நெசவுப் பகுதில நின்னுட்டேன். நூல் நூக்குற தக்களி, எலும்புல செஞ்ச கூர்முனை, அதை வச்சுத் துணில டிசைன் போட்டிருக்கலாம்னு சொல்றாங்க. செம்பு ஊசி கூட அங்க தோண்டுனப்போ கிடைச்சிருக்கு. இருபது வருஷமா ஊசி பிடிக்கிற கை இது, எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனசில்ல. அண்ணன் மக பக்கத்துல வந்து நின்னு, "அத்தை, அப்போவும் டெய்லர் இருந்தாங்களா"ன்னு கேட்டா. அதுக்குள்ள "கமான் கமான், நெக்ஸ்ட்"னு விரட்டுறாய்ங்க.

வெளிய வந்தப்போ மணி ஒண்ணு. அங்க தான் ரெண்டு காரியம் நடந்துச்சு. முதலாவது, சாப்பாடு வேன் வரலைன்னு பிள்ளைங்களை ஒரு தோப்புப் பக்கம் நிக்க வச்சவங்க, "இங்க மண்ணுலயே பழைய ஓடு கிடக்கும், ஆளுக்கு ஒண்ணு சுவனீரா எடுத்துக்கோங்க"ன்னு சொன்னாங்க. என் காதாலயே கேட்டேன். பிள்ளைங்க பையைத் திறந்து பொறுக்குதுங்க. என் பையனும் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓடு எடுத்து டவுசர் பையில போட்டுக்கிட்டான். ரெண்டாவது, அந்த வெயில்லயே அண்ணன் மகளுக்குக் கண்ணு இருட்டி, வாந்தி எடுத்து, என் தோள்லயே சாஞ்சுட்டா. அவங்ககிட்ட ஓஆர்எஸ் பாக்கெட் கூட இல்ல. பக்கத்துல இருந்த கடைக்கார அம்மா தான் மோர் கரைச்சுக் குடுத்து, விசிறி விட்டு, ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டாங்க. திருப்புவனம் பக்கம் டாக்டர்கிட்ட காட்டி டிரிப்ஸ் ஏத்தி வீடு வந்து சேர்ந்தப்போ ராத்திரி. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அண்ணன் ஒண்ணும் சொல்லல. மதினி தான் "பரவால்ல, பாத்துக்கோங்க"ன்னாங்க, அது திட்டுறதை விட வலிச்சுச்சு.

வெயில் விஷயத்துல நான் இப்போ கறாரா இருக்கேன். மே மாசம் களப்பயணம்னா காலைல ஏழரைக்குள்ள கிளம்பி பதினொண்ணுக்குள்ள நிழலுக்கு வந்துடணும், அதுக்கு மேலன்னா அனுப்பவே அனுப்பாதீங்க. பத்துப் பன்னெண்டு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் வேணும். தண்ணி பாட்டிலை நாமளே ரெண்டு குடுத்து விடணும், தொப்பி, பருத்திச் சட்டை, ஓஆர்எஸ். டாய்லெட் எங்கன்னு பெண் பிள்ளைகளைப் பெத்தவங்க கட்டாயம் கேளுங்க, கேக்கக் கூச்சப்பட வேண்டியதில்ல.

கடைசி நாளுக்கு ரெண்டையும் நான் அனுப்பல. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மெட்டீரியல் வாங்கியாச்சு, வேனுக்குக் குடுத்தாச்சு, பாலிசி படி ரீஃபண்ட் இல்லன்னு மெசேஜ். அந்தப் பாலிசியை நான் கண்ணுல பாத்ததே இல்ல. அப்புறம் 1915-ங்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பருக்குப் போன் பண்ணி புகார் பதிஞ்சேன். ரசீது இல்ல, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் போஸ்டரும் வாட்ஸப் பேச்சும் தான் இருந்துச்சு, அதையே வச்சுக்கிட்டாங்க. புகார் போனது தெரிஞ்ச பிறகு தான் ஒரு பிள்ளைக்கு 500 வீதம் ஆயிரம் ரூபா வந்துச்சு, "நல்லெண்ண அடிப்படையில்"னு ஒரு வரியோட. மீதி 8,000, அது லைனிங் பிளவுஸ் இருபத்தஞ்சுக்கு மேல தைச்ச காசு. கழுத்து வலிக்கத் தைச்ச காசு. டாக்டர் செலவு தனி. அதனால போஸ்டரை அழிச்சிடாதீங்க, பேச்சை எல்லாம் வாய்ல வச்சுக்காம மெசேஜ்ல எழுதி வாங்குங்க, முடிஞ்சா பாதிப் பணம் மட்டும் முதல்ல கட்டுங்க.

இதுக்கு அப்புறம் நடந்தது தான் நான் எழுத வந்ததுல எனக்குப் பிடிச்ச பகுதி. வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த அந்த மியூசியத்தைப் பாக்காமலே போச்சேன்னு அண்ணன் மக சொல்லிக்கிட்டே இருந்தா, உடம்பு தேறின பிறகு ஒரு நாள் காலைல ரெண்டையும் கூட்டிக்கிட்டுப் போனேன். காந்தி மியூசியம் வளாகத்துக்குள்ளயே தான் அரசு மியூசியமும் இருக்கு, தமுக்கம் பக்கம். கவுண்டர்ல இருந்தவர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல இந்த மாதிரி ஏமாந்த கதையைச் சொன்னேன். அவரு சிரிக்கல, "ஏம்மா, நாங்களே மே மாசம் பிள்ளைகளுக்கு நடத்துறோமே, அடுத்த வாரம் இருக்கு, பேர் குடுத்துட்டுப் போங்க"ன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து நான் கட்டுன காசு வீட்டுல இருந்து வந்து போற ஆட்டோ காசை விடக் கம்மி. இதை ஏன் சார் யாருக்கும் சொல்ல மாட்டேங்கிறீங்கன்னா, பேப்பர்ல போட்டோமே, நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோமேன்னு கை காட்டுறாரு. ஒட்டித்தான் இருந்துச்சு, ஏ4 பேப்பர்ல, தூணுக்குப் பின்னாடி. காசு வாங்குறவனுக்கு இருக்க விளம்பர சாமர்த்தியம் கவர்மென்ட்டுக்கு வராது, நாம தான் தேடிப் போகணும்.

அந்த நேரத்துல என் பையன் பையில இருந்து அந்த ஓட்டை எடுத்து அங்க இருந்த ஒரு பெரியவர்கிட்ட காட்டுனான், மியூசியத்துல வேலை பாக்குறவர் தான். இது எவ்வளவு பழசு சார்னு கேட்டான். அவரு வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இதை எங்க எடுத்த? எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்துல என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. இவன் முழிக்கிறான். தென்னை மரம் இருந்துச்சுங்கிறான். "அப்போ இதுக்கு வயசு சொல்ல முடியாதுப்பா. போன வாரம் உடைஞ்சதாவும் இருக்கலாம், ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி உடைஞ்சதாவும் இருக்கலாம். எடுக்காம அங்கயே விட்டிருந்தா என்னைக்காவது யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க"ன்னாரு. திட்டவே இல்ல, சாதாரணமாத்தான் சொன்னாரு. பையன் முகம் சுருங்கிப் போச்சு, ஆனா அங்க தான் அவனுக்கு ஏதோ ஒண்ணு பிடிபட்டுச்சுன்னு நினைக்கிறேன். அதுக்கப்புறம் அந்த வார வகுப்புல நோட்டுல எழுதாம அவன் எதையும் தொடல. 1878-லயே ஒரு சட்டம் இருக்காம், மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள எது கிடைச்சாலும் கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும்னு. மேலாப்ல கிடக்குற ஓட்டுச்சில்லு அந்தக் கணக்குல வருமோ வராதோ, ஆனா ஊர்ப்புறத்துல பிள்ளைங்க இந்த மாதிரி ஏதாவது பாத்தா எடுக்காம, இடத்தோட சேர்த்து ஒரு போட்டோ எடுத்து விஏஓகிட்டயோ பக்கத்து மியூசியத்துலயோ சொல்லுங்கன்னாரு. அந்த ஓட்டை அவரே வாங்கி வச்சுக்கிட்டாரு.

வகுப்பு பெரிய ஆடம்பரம் எல்லாம் இல்ல. மேஜை ஃபேன், பாய், இருபது பிள்ளைங்க. ஒரு நாள் மானாமதுரைப் பக்கத்துல இருந்து மண்பாண்டம் செய்யிற ஒரு அண்ணன் சக்கரத்தோட வந்தாரு. பிள்ளைங்க பானை செய்யுதோ இல்லையோ மண்ணுல குளிச்சுதுங்க. ஆனா அவரு சொன்ன ஒரு விஷயம் கேட்டுக்கிட்டிருந்த எனக்கே புதுசு. அந்தப் பழைய பானைங்க உள்ள கறுப்பா வெளிய சிவப்பா இருக்கே, அது பெயின்ட் இல்லையாம். சூளைல பானையைக் கவுத்து வச்சுச் சுட்டா உள்பக்கம் காத்து போகாது, அதனால கறுத்துடும், வெளிப்பக்கம் காத்து பட்டுச் சிவந்துடும். ஒரே சூட்டுல ரெண்டு நிறம். கேம்ப்ல 4,500 ரூபா வாங்குனவங்க அஞ்சு நாளும் அந்தப் பானைப் படத்தைக் காட்டுனாங்க, இதை ஒருத்தரும் சொல்லல.

இன்னொரு நாள் தமிழ் பிராமி எழுத்து, அதாவது அந்தக் காலத்துல தமிழை எழுதுன பழைய எழுத்து. இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன். கூட்டல் குறி போட்டா அது க. நெட்டுக்கு ஒரு கோடு இழுத்தா ர. பாதி வட்டம் ட. கோட்டுக்கு அடியில படுக்கையா ஒரு கோடு போட்டா ந. ழ, ற, ன மாதிரி தமிழுக்குன்னே இருக்க ஒலிகளுக்குத் தனி எழுத்து இருக்கு. என் பையனுக்குத் தமிழ் எழுதத் தெரியும், அண்ணன் மகளுக்குத் தெரியாது, ஆனா இந்த எழுத்துல ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்து தான் ஆரம்பிக்கணும். சொல்லப் போனா அவ தான் முதல்ல பிடிச்சா, கோடும் வட்டமுமா இருக்கதால படம் வரையிற மாதிரி சடசடன்னு எழுதிட்டா. இவன் அவகிட்ட போய் ம எப்படின்னு கேக்குறான். கீழடில கிடைச்ச ஓட்டுல குவிரன், ஆதன்னு பேர் எழுதியிருக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க, நாம எவர்சில்வர் பாத்திரக் கடையில பேர் வெட்டி வாங்குறோமே அந்த மாதிரி தான். அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல என்னோட பிளவுஸ் பீஸ் கவர் எல்லாத்துலயும் பிராமில கஸ்டமர் பேர் எழுதி வச்சுட்டாங்க ரெண்டு பேரும். எது யாரோடதுன்னு தெரியாம நான் பட்ட பாடு இருக்கே. ஆனா மத்தியானச் சண்டை நின்னுச்சு.

குறை இல்லாம இல்ல. ஒரு நாள் சொல்லித் தர வேண்டியவர் வரல, பிள்ளைங்க ஓரிகாமி செஞ்சுட்டு வந்துச்சுங்க. டாய்லெட் சுமார் தான். சின்னப் பிள்ளைங்க, அதாவது எட்டு வயசுக்குக் கீழ இருக்கவங்களுக்கு அந்த வகுப்பு போரடிக்கும், பெரிய பிள்ளைங்களோட கலந்து உக்கார வைக்கிறதால. இதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க.

நீங்க எந்த ஊரா இருந்தாலும் ஏப்ரல் மூணாவது வாரம் நேர்ல போய் கேளுங்க, போன்ல கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம், மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம், இந்த ரெண்டு தேதியை ஒட்டி பெரும்பாலும் ஏதாவது போட்டியோ கண்காட்சியோ வகுப்போ இருக்கும். பேப்பர்ல இன்றைய நிகழ்ச்சிகள்னு சின்ன எழுத்துல வருமே, அதைப் பாருங்க. சென்னைக்காரங்க எழும்பூர் போங்க, 1851-ல ஆரம்பிச்ச மியூசியம், ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒருத்தர் 1863-ல பல்லாவரத்துல இந்தியாவோட முதல் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டுபிடிச்சாரே, அவர் சேர்த்து வச்ச கருவிங்க அங்க தான் இருக்கு, ஆதிச்சநல்லூர்ல கிடைச்ச, நெத்தியில கட்டுற தங்கப் பட்டமும் அங்க தான் போயிருக்கு. பிள்ளைங்க கைல பேனா குடுக்காதீங்க, பென்சிலும் நோட்டும் குடுங்க, பல இடத்துல பெரிய பையை உள்ள விட மாட்டாங்க. வகுப்பு எதுவும் இல்லைன்னாலும் ஒரே ஒரு அறையை மட்டும் எடுத்துக்கிட்டு, பிள்ளைக்குப் பிடிச்ச ஒரு பொருளை வரையச் சொல்லுங்க, மிச்சத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாள்ல பாக்கணும்னு இழுத்துக்கிட்டு ஓடுனா அந்தக் கேம்ப்காரங்க செஞ்சதைத் தான் நாமளும் செய்றோம்.

இந்த வருஷம் ரெண்டு பேர் பேரையும் நான் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன், நோட்டீஸையும் போட்டோ எடுத்து எங்க குரூப்ல போட்டாச்சு. மதினி இப்போ, பெரியவங்களுக்கும் கல்வெட்டு வகுப்பு இருக்காமே, எனக்கும் கேட்டுச் சொல்லுங்கங்கிறாங்க. ஈரப் பேப்பரைக் கல்லுல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மை ஒத்தி எழுத்து வெள்ளையா வர்ற மாதிரி படி எடுக்கக் கூட சொல்லிக் குடுக்குறாங்களாம், பயிற்சிக்குன்னு வச்சிருக்க கல்லுல தான். எனக்கும் ஆசை இருக்கு. வைகாசி முகூர்த்தம் முடியட்டும், கைல இன்னும் நாப்பது பிளவுஸ் இருக்கு.